சூரியனுக்கு அப்பாலிருந்து ஒரு சுருதி

ஹோமம் நடக்கும் வீட்டில் குண்டத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் இருப்பவரைப் பார்த்தவர்களுக்கு ஓர் அநுபவம் உண்டு. அவர் என்னவோ அசையாமல்தான் உட்கார்ந்திருப்பார். ஆயினும் அவர் முகம் நெளிவது போலவும் நடுங்குவது போலவும் தோன்றும். நடுங்குவது முகம் அல்ல. நடுவே கிளம்பும் அனல். புகை கண்ணில் படாமல் சற்று விலகி உட்காருவதே நம்மில் பலர் அப்போது செய்யும் காரியம். ஆனால், "இந்த முகம் எவ்வளவு நெளிகிறது, எத்தனை வேகமாக நெளிகிறது என்று கணக்கெடுத்தால், நடுவில் இருக்கும் அனலின் தன்மையை அறிந்துவிடலாம் அல்லவா?" என்று ஒருவருக்குத் தோன்றுமானால், அவரை விஞ்ஞானி என்றே சொல்ல வேண்டும்.

இந்த யோசனையை நம் தேசத்து விஞ்ஞானிகள் 2015-ஆம் வருஷம் மே, ஜூன் மாதங்களில் நடத்திப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஹோம குண்டமாக அமைந்தது சூரிய பகவான். எதிர்ப்பக்கத்து முகமாக இருந்தது, செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த மங்கள்யான். இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தது, பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் பியாலாலு கிராமத்தில் நிற்கும் 32 மீட்டர் அகலமுள்ள ரேடியோத் தட்டு. இந்தத் தட்டும் நம் தேசத்திலேயே செய்யப்பட்டது என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பேச்சு நின்ற வாரங்கள்

மங்கள்யான் 2013 நவம்பர் 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 2014 செப்டம்பர் 24-ஆம் தேதி செவ்வாயின் சுற்றுப்பாதையில் பிரவேசித்தது என்பது நேயர்கள் அறிந்ததே. முதல் முயற்சியிலேயே இக்காரியத்தைச் சாதித்தது என்ற பெருமை அன்று பாரதத்துக்குக் கிடைத்தது. செலவு சுமார் 450 கோடி ரூபாய். அதில் ஐந்து ஆராய்ச்சிக் கருவிகள் இருந்தன. எல்லாம் சேர்த்துச் சுமார் 15 கிலோ நிறை. இவற்றில் ஒன்றுகூட சூரியனை ஆராய்வதற்காகச் செய்யப்பட்டது அன்று.

செவ்வாயும் பூமியும் சூரியனை வெவ்வேறு வேகத்தில் சுற்றி வருகின்றன. ஆகையால் சுமார் 26 மாதங்களுக்கு ஒரு முறை, பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே சூரியன் வந்துவிடுகிறான். அந்தச் சமயத்தில் செவ்வாயிலிருந்து வரும் ரேடியோ அலை சூரியனுடைய ஓரத்தை உரசிக்கொண்டுதான் நம்மிடம் வந்து சேர வேண்டும். 2015 ஜூன் நடுவில் அது கடந்து வந்த தூரம் சுமார் 38 கோடி கிலோமீட்டர். விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் அலைக்கே இதைக் கடக்க 21 நிமிஷத்துக்கு மேல் ஆகிறது.

இந்த வாரங்கள் என்ஜினீயர்களுக்குக் கவலை மிகுந்தவை. சூரியனைச் சூழ்ந்திருக்கும் மின்மயமான வாயு அலையைக் கலக்கிவிடும். நாம் அனுப்பும் உத்தரவு தவறாகப் போய்ச் சேர்ந்தால் விண்கலமே கெட்டுப்போகலாம். ஆகவே உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிட்டு, "உன்னை நீயே பார்த்துக்கொள்" என்று முன்கூட்டியே அதற்குப் பாடம் சொல்லி வைத்துவிடுவார்கள். ஆற்றில் வெள்ளம் வடியும் வரையில் அக்கரையில் இருக்கும் பிள்ளைக்குச் சமாசாரம் அனுப்ப முடியாமல் இக்கரையில் காத்திருக்கும் பெற்றோரின் நிலைமைதான்.

ஆனால் வெள்ளத்தையே ஆராய விரும்புகிறவனுக்கு அதைவிட நல்ல சமயம் ஏது? ஒருவருக்கு இடைஞ்சலாக இருந்தது மற்றொருவருக்குப் புதையல் ஆயிற்று.

மகுடத்தின் மர்மம்

பூரண சூரிய கிரகணத்தின்போது, கறுத்த சந்திரனைச் சுற்றி முத்து வர்ணத்தில் ஓர் ஒளி வட்டம் தோன்றுகிறது. அதற்குச் சூரிய மகுடம் என்று பெயர் சொல்லலாம். மேனாட்டார் 'கொரோனா' என்கிறார்கள். 1869-ஆம் வருஷத்துக் கிரகணத்தில் இந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, பூமியில் எந்தப் பொருளிலும் கண்டிராத ஒரு பச்சைக் கோடு அதில் இருந்தது. "புதிய மூலப்பொருள்!" என்று கூறி, 'கொரோனியம்' என்று அதற்கு நாமகரணமும் செய்துவிட்டார்கள். சுமார் எழுபது வருஷங்களுக்குப் பிறகு, ஜெர்மனியில் குரோட்ரியனும் ஸ்வீடனில் எட்லேனும் உண்மையை வெளியிட்டார்கள். புதிய பொருள் ஒன்றும் இல்லை. நம் வீட்டு இரும்புதான். ஆனால் ஒவ்வோர் அணுவும் தன் 26 எலெக்ட்ரான்களில் 13-ஐப் பறிகொடுத்திருந்தது. இரும்பு அந்தக் கதிக்கு ஆளாக வேண்டுமானால் உஷ்ணம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும்.

இதில்தான் விசித்திரம். சூரியனுடைய மேற்பரப்பின் உஷ்ணமோ சுமார் 5,500 டிகிரி. அடுப்பை விட்டு விலக விலகச் சூடு அதிகமாகும் சமையலறையை யாராவது கண்டதுண்டா? சூரியனிடத்தில் அப்படித்தான் இருக்கிறது. அந்தச் சூடு எவ்வாறு மேலே செல்கிறது என்ற கேள்விக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் முடிவான பதில் இன்னும் கிடைத்தபாடில்லை.

இவ்வளவு சூடான வாயு ஓரிடத்தில் அடங்கி இருக்குமா? இராது, அது ஓயாமல் வெளியே வீசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று 1958-ல் கணக்குப் போட்டுக் காட்டினார் யூஜீன் பார்க்கர் என்ற அமெரிக்க இளைஞர். அவருடைய கட்டுரையைப் பரிசீலித்த நிபுணர்கள் இருவரும் அதை நிராகரிக்கச் சொன்னார்கள். அந்தப் பத்திரிகையின் ஆசிரியராக அப்போது இருந்தவர் யார் தெரியுமா? சென்னை ராஜதானிக் கல்லூரியில் படித்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகர்தான். அவருக்கும் அந்தக் கொள்கை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆயினும், "கணக்கில் பிழை இல்லை, ஆகையால் பிரசுரிக்க வேண்டும்" என்று தீர்மானித்துப் பிரசுரித்தார். தனக்குப் பிடிக்காத கருத்துக்கும் நியாயம் வழங்கியவர் அவர். நான்கே வருஷங்களில், 1962-ல், வெள்ளிக் கிரகத்தை நோக்கிச் சென்ற மாரினர் 2 என்னும் விண்கலம் சூரியக் காற்று வீசுவதை வழி நெடுகக் கண்டு ஊர்ஜிதம் செய்தது.

இந்தக் காற்று விநாடிக்குச் சுமார் 300 முதல் 800 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைத் தாண்டிச் செல்கிறது. சூரியனுக்கு மிக அருகில் அது மெதுவாகக் கிளம்புகிறது. சில பத்து லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்குள் பெருவேகம் பெற்றுவிடுகிறது. குதிரையைச் சவுக்கால் அடித்து விரட்டுகிறவன் அந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறான். அவன் யார் என்று கண்டுபிடிப்பதே விஷயம்.

சுருதியின் நடுக்கம்

அவ்வளவு நெருப்புக்குள் நாம் எதை அனுப்ப முடியும்? ரேடியோ அலையை அனுப்பலாம். அதற்கு வேகாத உடம்பு!

விண்கலம் அனுப்பும் அலையைத் தம்புராவின் ஆதார சுருதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மங்கள்யானின் சுருதி விநாடிக்குச் சுமார் 229 கோடி அதிர்வுகள். வழியில் ஒன்றும் இல்லாவிட்டால் அது ஒரே சீராக வந்து சேரும். ஆனால் சூரிய மகுடத்தில் தனித்து அலையும் எலெக்ட்ரான்கள் ஏராளம். அவை அலையின் நடையைச் சிறிது மாற்றிவிடுகின்றன. எலெக்ட்ரான்கள் நெருக்கமாக உள்ள மேகம் ஒன்று குறுக்கிட்டால் ஒரு மாற்றம். கலைவாக உள்ள மேகம் வந்தால் வேறொரு மாற்றம். ஆகவே சுருதி ஓர் இம்மிக்கும் குறைவாக ஏறியும் இறங்கியும் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை விநாடிதோறும் எழுதி வைத்துக்கொண்டால், வழியில் என்ன நடந்தது என்பதை ஊகித்துவிடலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதலின் ஸ்வரம் உயர்ந்தும், விலகிப் போகும்போது தாழ்ந்தும் கேட்கிறது அல்லவா? விண்கலமும் பூமியும் ஓடிக்கொண்டே இருப்பதால் அந்த மாறுதலும் சுருதியில் சேர்ந்திருக்கும். ஆனால் அது கணக்குக்குக் கட்டுப்பட்டது. வழுவழுப்பாக, மெதுவாக மாறுவது. அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது சூரியனுடைய கைவேலை. இரண்டு வேறு சுருதிகளில் ஒரே சமயத்தில் அலை அனுப்பும் விண்கலமானால் இன்னும் சௌகரியம். எலெக்ட்ரான்கள் தாழ்ந்த சுருதியை அதிகமாகவும் உயர்ந்த சுருதியைக் குறைவாகவும் பாதிக்கும். ஓட்டத்தினால் உண்டாகும் மாறுதலோ இரண்டிலும் ஒரே விகிதத்தில் இருக்கும். எது எவருடைய வேலை என்பது உடனே பிரிந்து தெரிந்துவிடும்.

அலையின் அதிர்வுத் தளம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தால், அதிலிருந்து வழியிலுள்ள காந்த சக்தியையும் மதிப்பிடலாம். காந்தம் ஒளியின் தளத்தைத் திருப்பும் என்பதை மைக்கேல் பாரடே 1845-லேயே கண்டறிந்தார். 1968-ல் பயனீர் 6 என்ற அமெரிக்க விண்கலம் சூரியனுக்குப் பின்னால் சென்றபோது, அதன் அலைகளில் இந்தத் திருப்பம் அளக்கப்பட்டது. பின்னர் ஹீலியாஸ், காசினி முதலிய பல விண்கலங்களின் அலைகளும் இவ்வாறு சூரியனை உளவு பார்க்கப் பயன்பட்டன.

இம்முறைக்குக் குறையும் உண்டு. அலை வழி முழுவதிலும் பட்ட பாட்டைச் சேர்த்தே சொல்லும். இந்த இடத்தில் இவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. ஆயினும் சூரியனுக்கு மிக அருகில் அது கடக்கும் இடத்தில்தான் எலெக்ட்ரான் கூட்டம் அதிகம். ஆகையால் அந்த இடத்தின் சாட்சியமே ஓங்கி நிற்கிறது.

கணக்கு என்ன சொல்லிற்று?

2015-ல் மங்கள்யானின் அலை, சூரியனுடைய ஆரத்தைப் போல் 4 மடங்கு முதல் 20 மடங்கு வரையிலுள்ள தூரங்களில் கடந்து வந்தது. அதாவது, சூரியனுடைய மையத்திலிருந்து ஏறக்குறைய 28 லட்சம் கிலோமீட்டரிலிருந்து ஒரு கோடியே 40 லட்சம் கிலோமீட்டர் வரை. காற்றுக்குச் சவுக்கடி விழும் வட்டாரம் இதற்குள் அடங்கியதே.

காவேரியில் புதுவெள்ளம் வரும்போது பாலத்தின் மேல் நின்று பார்த்தால், பெரிய சுழல்கள் உடைந்து சிறு சுழல்களாகி, அவை மேலும் உடைந்து மறைவதைக் காணலாம். பெரிய சுழலின் சக்தி இவ்வாறு படிப்படியாகச் சிறு சுழல்களுக்குச் சென்று கடைசியில் சூடாக மாறுகிறது. இந்தப் பங்கீட்டுக்கு ஒரு விதி உண்டு என்று 1941-ல் ருஷ்யக் கணித நிபுணர் கோல்மோகரோவ் காட்டினார். சூரியக் காற்றிலும் இத்தகைய சுழல்கள் உண்டு. அலையின் நடுக்கத்தில் மெதுவான அசைவு எவ்வளவு, விரைவான அசைவு எவ்வளவு என்று பிரித்தால், பெரிய சுழலுக்கும் சிறிய சுழலுக்கும் உள்ள விகிதம் கிடைத்துவிடும்.

திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தாரும், ஆமதாபாத் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தாரும், அவர்களுடைய சகாக்களும் சேர்ந்து இந்தக் கணக்கைச் செய்து, 2022-ல் இங்கிலாந்தின் ராயல் வானசாஸ்திர சங்கத்தின் பத்திரிகையில் வெளியிட்டார்கள். சூரிய ஆரத்தைப் போல் 10 மடங்குக்கு அப்பால் சுழல்களின் பங்கீடு கோல்மோகரோவ் விதியை நெருங்கி வருகிறது. 10 மடங்குக்கு உட்பட்ட இடத்திலோ பெரிய சுழல்களின் பகுதி அந்த விதிக்கு இணங்காமல் தட்டையாக இருக்கிறது. அதாவது, அங்கே வெள்ளம் இன்னும் முழுதாகச் சுழன்று முதிரவில்லை. காற்று வேகம் பெறும் வட்டாரமும் அதுவே. சூரியக் காற்று சக்தியை எங்கே பெறுகிறது என்ற வழக்கில் இது ஒரு நல்ல சாட்சியம்.

தோல்வியும் வீணாகவில்லை

ஜப்பானியரின் அகாட்சுகி என்னும் விண்கலத்தின் கதையும் இங்கே சொல்லத் தகுந்தது. 2010-ல் புறப்பட்ட அது, அந்த வருஷம் டிசம்பரில் வெள்ளிக் கிரகத்தின் பிடியில் சிக்க வேண்டியது. என்ஜின் பழுதுபட்டதால் தப்பிப் போய்ச் சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தது. வேறொருவராக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். அந்த விஞ்ஞானிகளோ, 2011 ஜூன் மாதத்தில் அது சூரியனுக்குப் பின்னால் சென்ற சமயத்தைப் பயன்படுத்திக்கொண்டு, சூரிய ஆரத்தைப் போல் 1.5 மடங்கு தூரத்திலிருந்து 20 மடங்கு வரையில் மகுடத்தை ஆராய்ந்துவிட்டார்கள். மகுடத்தின் ஊடே அலைகள் வெளிநோக்கிச் செல்வதை அவர்கள் கண்டார்கள். ஐந்து வருஷம் பொறுத்திருந்து, 2015 டிசம்பரில் சிறு என்ஜின்களைக் கொண்டே அதை வெள்ளியின் சுற்றுப்பாதையிலும் சேர்த்துவிட்டார்கள். பிறகு இந்திய விஞ்ஞானிகளும் அவர்களுடன் சேர்ந்து அகாட்சுகியின் அலைகளைக் கொண்டு மகுடத்தை ஆராய்ந்து 2023-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

விண்கலமே இல்லாமலும் இந்த வித்தையைச் செய்யலாம். வானத்தில் வெகு தூரத்திலுள்ள சில ரேடியோ ஒளியுடலங்கள், சூரியக் காற்றின் ஊடே பார்க்கும்போது, நட்சத்திரங்கள் மின்னுவதைப்போல மின்னுகின்றன. இதை 1964-ல் கேம்பிரிட்ஜில் ஹ்யூவிஷும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். நீலகிரியில் உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில், மலைச்சரிவின் மீது 530 மீட்டர் நீளத்துக்கு அமைந்திருக்கும் ரேடியோ தூரதரிசினி இந்த மின்னலை அளப்பதில் உலகப் பிரசித்தி பெற்றது. கோவிந்த் ஸ்வரூப் என்ற மேதையின் தலைமையில் 1970-ல் நிறைவேறிய அதன் நீளவாட்டு அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி மலையின் சரிவே தேர்ந்தெடுக்கப்பட்டது. பணம் கொடுத்து வாங்க முடியாததை மலையிடமிருந்து பெற்றார்கள்.

இதனால் நமக்கு என்ன?

"சூரியனில் சுழல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? நம் வீட்டில் விளக்கு எரிகிறதா என்பதுதான் கேள்வி" என்று நேயர்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வியே. விளக்கு எரிவதும் இதைப் பொறுத்ததுதான் என்பதே அதற்கு விடை.

1859 செப்டம்பர் ஆரம்பத்தில் சூரியனிலிருந்து கிளம்பிய ஒரு பெரும் புயல் பூமியைத் தாக்கியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகள் தறிகெட்டுப் போயின. அந்தப் புயலின் கடுமையை நம் பம்பாயில் கொலாபா ஆராய்ச்சி நிலையத்துக் காந்தக் கருவி பதிவு செய்து வைத்திருக்கிறது; இன்றும் உலகத்து விஞ்ஞானிகள் அந்தப் பதிவைத் தேடி எடுத்துப் படிக்கிறார்கள். 1989 மார்ச் 13-ஆம் தேதி கானடாவில் க்யூபெக் மாகாணம் முழுவதும் சுமார் ஒன்பது மணி நேரம் இருளில் மூழ்கியது. அதற்கும் காரணம் சூரியப் புயல்தான். 2022 பிப்ரவரியில் அமெரிக்கக் கம்பெனி ஒன்று ஒரே சமயத்தில் அனுப்பிய 49 செயற்கைச் சந்திரர்களில் பெரும்பாலானவை, சாதாரணமான ஒரு காந்தப் புயலால் மேல்வானக் காற்று தடித்துவிட்டபடியால், மேலே ஏற முடியாமல் எரிந்து விழுந்தன.

சூரியக் காற்று பூமிக்கு வந்து சேர மூன்று நான்கு நாட்களாகும். கடும் புயலானால் ஒரு நாளிலேயே வந்துவிடும். அதற்குள் எச்சரிக்கை செய்ய வேண்டுமானால், காற்று எங்கே எப்படி வேகம் பெறுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி நாம் அனுப்பிய ஆதித்யா விண்கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் தன் ஸ்தானத்தை 2024 ஜனவரி 6-ஆம் தேதி அடைந்தது. அதிலுள்ள மகுடம் காணும் கருவி சூரிய ஆரத்தைப் போல் மூன்று மடங்கு தூரம் வரை பார்ப்பதற்காக அமைக்கப்பட்டது. தன்னைக் கடந்து செல்லும் காற்றை அளப்பதற்கும் அதில் கருவிகள் உண்டு. அதாவது, வாசலும் தெரிகிறது, தெருக்கோடியும் தெரிகிறது. நடுவில் உள்ள தெரு தெரியவில்லை. அமெரிக்காவின் பார்க்கர் விண்கலம் 2024 டிசம்பர் 24-ஆம் தேதி சூரியனுடைய மேற்பரப்பிலிருந்து சுமார் 61 லட்சம் கிலோமீட்டர் வரையில் நெருங்கிச் சென்றது, அபார சாதனைதான். ஆயினும் அது எந்தக் கணத்தில் எங்கே இருக்கிறதோ அந்த ஓரிடத்தைத்தான் தொட்டுப் பார்க்க முடியும். நடுத்தெருவின் குறுக்கே கயிறு கட்டி அளக்கும் வேலையை ரேடியோ அலையே செய்ய வேண்டும்.

ஆகவே நம் விஞ்ஞான ஸ்தாபனங்களுக்கு ஒரு விண்ணப்பம். இனிமேல் வேறு கிரகங்களுக்கு நாம் அனுப்பும் ஒவ்வொரு விண்கலத்திலும் இரண்டு சுருதிகளில் அலை அனுப்பும் சாதனமும், பிசகாத கடிகாரமும் ஆரம்பத்திலேயே இடம் பெறட்டும். கிரகத்துக்காகப் போகும் விண்கலம், சூரியன் குறுக்கே நிற்கும் வாரங்களில் சூரியனுக்காகவும் உழைக்கும். கூலி ஒன்று, வேலை இரண்டு. மங்கள்யானில் ஒரே சுருதியை வைத்துக்கொண்டு இவ்வளவு கணக்குப் போட்டவர்களுக்கு இரண்டு கிடைத்தால் என்ன செய்ய மாட்டார்கள்?

ஆறு மாதத்துக்கு என்று செய்யப்பட்ட மங்கள்யான் ஏழு வருஷத்துக்கு மேல் உழைத்தது. 2022 ஏப்ரலில், செவ்வாயின் நிழல் நீண்ட நேரம் அதன்மேல் விழுந்த ஒரு சமயத்துக்குப் பின், அதன் குரல் நின்றுபோயிற்று. அகாட்சுகியின் குரலும் 2024-ல் அடங்கிவிட்டது. தம்புராக்கள் இரண்டும் மௌனமாகிவிட்டன. ஆனால் அவை மீட்டிய சுருதி பியாலாலுவின் ஏடுகளில் பதிவாகி இருக்கிறது. சூரியனுடைய நெருப்புக்குள் புகுந்து, வாடாமல் வெளிவந்து, அங்கே கண்டதை நடுக்கத்தோடு சொன்ன சுருதி அது. அந்த நடுக்கத்தின் பொருளை இன்னும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை. படிக்கப் போகிறவர்கள் இன்று நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வீட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளாகவும் பெண்களாகவும் இருக்கலாம்.